நாலு பாடசாலைகள், ஒரே நேரசூசி: யாழ்ப்பாணத்தில் தொழிற்பயிற்சியைச் சேர்ந்து நடத்த முடியுமா?

கேட்டவர் வலிகாமத்தில் ஒரு பாடசாலையின் பிரதி அதிபர். அவர் கேட்டது இதுதான்: "ஓ.எல். (சாதாரண தரம்) எழுதிய பிறகு ஏ.எல். (உயர்தரம்) போகாமல் நிற்கிற பிள்ளைகள் எங்களிடம் வருடா வருடம் ஏழெட்டுப் பேர். அயலில் உள்ள மூன்று பாடசாலைகளிலும் இதே கதை. தனித்தனியே தொழிற்பயிற்சி நடத்த ஆளும் இல்லை, இடமும் இல்லை. நாலு பாடசாலைகளும் சேர்ந்து நடத்த முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? பெற்றோரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?"

முடியும். ஆனால் ஆளையும் இடத்தையும் பற்றிய கவலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் நாலு பாடசாலைகளின் நேரசூசிகளையும் ஒரு மேசையில் விரியுங்கள். நான் நீண்டகாலம் தொழினுட்பப் பாடம் படிப்பித்து, கடைசியில் ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்படிச் சேர்ந்து நடத்தப் புறப்பட்டவர்கள் காசு இல்லாமல் நின்றதைவிட, நேரம் ஒத்துவராமல் நின்றதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு பாடசாலைகள் சேர்ந்து மின்னியல் வேலை பழக்கத் தொடங்கின. செவ்வாய்க்கிழமை இரண்டு பாடவேளைகள் ஒதுக்கினார்கள். பாடவேளைக்கு 40 நிமிடம், இரண்டும் சேர்ந்து 80 நிமிடம். அயல் பாடசாலைப் பிள்ளைகள் சைக்கிளில் வர 20 நிமிடம், போக 20 நிமிடம். மிச்சம் 40 நிமிடத்தில் ஒரு சுவிச்சுப் பலகையைக் கழற்றலாம், திரும்பப் பூட்ட முடியாது. கழற்றிய பலகை அடுத்த கிழமை வரை அப்படியே கிடக்கும். இதைவிடப் பெரிய பிழை வரவு இடாப்பில் நடந்தது. மற்றப் பாடசாலையில் நின்ற நேரம் தங்கள் பாடசாலையில் வரவில்லை என்று பதியப்பட்டது. அவர்களில் சிலர் ஏ.எல். படித்துக்கொண்டு இதையும் பழகியவர்கள். பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு 80 வீத வரவு வேண்டும் என்பதால் பெற்றோர் பயந்துவிட்டார்கள். ஒரு தவணையோடு அது முடிந்தது. அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அவர்கள் ஒருவரும் தாங்களாக விட்டுப்போகவில்லை.

ஆகவே என் முதல் ஆலோசனை: பாடவேளைக் கணக்கை விட்டுவிட்டு முழு நாள் கணக்குக்கு வாருங்கள். நாலு பாடசாலைகளும் கிழமையில் இரண்டு நாள்களைப் பொதுவாக வைத்துக்கொள்ளட்டும், செவ்வாயும் வியாழனும் என்று வைப்போம். அந்த நாள்களில் பயிற்சிப் பிள்ளைகள் காலையில் வீட்டிலிருந்து நேரே பட்டறை உள்ள பாடசாலைக்குப் போக வேண்டும். அங்கே எடுக்கும் வரவு, கையொப்பத்தோடு அன்றைக்கே சொந்தப் பாடசாலை இடாப்பில் ஏற வேண்டும். ஏழரை முதல் ஒன்றரை வரை, இடைவேளை போக, ஐந்து மணித்தியாலம் கைவேலைக்குக் கிடைக்கும். கிழமைக்கு 10 மணித்தியாலம். பரீட்சை, விளையாட்டுப் போட்டி, திருவிழா விடுமுறை எல்லாம் கழித்து வருடத்துக்கு 32 கிழமை தேறினால் 320 மணித்தியாலம், இரண்டு வருடத்தில் 640. தவணை விடுமுறையில் ஒரு கராஜிலோ மின்வேலை ஒப்பந்தக்காரரிடமோ நின்று பழகும் நாள்களையும் சேர்த்தால் அது நல்ல அடித்தளம்.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கும் விடயமும் இல்லை. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், தனியே செலவைத் தாங்க முடியாத சிறிய கல்வி மாவட்டங்கள் சேர்ந்து பொதுச் சேவைச் சபைகளை அமைக்க 1948 இலேயே சட்டம் வந்தது. அங்கே பிள்ளைகள் அரை நாள் சொந்தப் பாடசாலையிலும் அரை நாள் பொதுப் பயிற்சி நிலையத்திலும் படிப்பது வழக்கம். அவர்களுக்கு ஏற்றி இறக்கப் பாடசாலை பஸ் இருக்கிறது. எங்களுக்கு இல்லை. அதனால்தான் அரை நாளைச் சொல்லாமல் முழு நாளைச் சொல்கிறேன்.

எனக்கு அதைவிட நெருக்கமாகத் தெரிவது வட அயர்லாந்து. அங்கே 2006 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளை வழியாக ஒரு ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு பாடசாலையும் பிள்ளைகளுக்குத் தரும் பாடத் தெரிவுகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு தொழில் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்றார்கள். தனியே அதைச் செய்ய முடியாத பாடசாலை, அயல் பாடசாலைகளோடும் தொழிற்கல்லூரியோடும் சேர்ந்து செய்யலாம். கத்தோலிக்கப் பாடசாலையும் புரட்டஸ்தாந்துச் சூழலில் உள்ள பாடசாலையும் ஒரே வட்டத்துக்குள் வந்தன. நீண்ட காலம் இரத்தம் சிந்திய மண் அது. அங்கேயே ஒரு பாடசாலைப் பிள்ளை இன்னொரு பாடசாலையின் பட்டறையில் போய் நிற்க முடிந்ததென்றால், மானிப்பாயில் படிக்கிற பிள்ளை சுன்னாகத்துக்குப் போவது பெரிய விடயம் இல்லை.

சரி, சட்டமும் அனுமதியும். நாட்டில் 2017 இல் 42 பாடசாலைகளோடு 13 வருடக் கல்வியை உறுதிப்படுத்தும் திட்டம் தொடங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓ.எல். பெறுபேறு எப்படி இருந்தாலும் பிள்ளை தரம் 12 இல் தொழிற்பிரிவில் சேரலாம். வழமையான ஏ.எல். பிரிவுகளுக்குப் போக, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். அந்தக் கதவு மூடிய பிள்ளைக்கு இது திறந்த கதவு. நல்ல திட்டம். ஆனால் அது நடக்காத பாடசாலையில் படிக்கிற பிள்ளை, நடக்கிற பாடசாலைக்கு மாறிப் போக வேண்டும். பதினாறு வயதில், ஓ.எல். சரிவரவில்லை என்ற வெட்கத்தோடு, தெரியாத பாடசாலையில் புதிதாகச் சேருவது எவ்வளவு பாரம் என்று யோசித்துப் பாருங்கள். பலர் அந்தப் படலையைத் தாண்டுவதே இல்லை. உங்கள் நாலு பாடசாலைகளும் செய்யக்கூடிய பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது. பிள்ளையின் பெயர் சொந்தப் பாடசாலையிலேயே இருக்கட்டும். அதே சீருடை, அதே வகுப்பாசிரியர், அதே நண்பர்கள். இரண்டு நாள் மட்டும் வேறிடம்.

இதற்கு வலயக் கல்விப் பணிப்பாளரின் எழுத்துமூல அனுமதி கட்டாயம் வேண்டும். ஒரு விடயத்தைக் கவனியுங்கள். நாலில் ஒன்று தேசிய பாடசாலையாக இருந்தால் அது கொழும்பில் உள்ள கல்வி அமைச்சின் கீழ் வரும், மற்றவை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ். இரண்டு இடத்திலும் அனுமதி எடுக்க வேண்டும், கடிதம் போய்வர மாதங்கள் எடுக்கும். முதல் வருடம் மாகாணப் பாடசாலைகள் மட்டும் சேர்ந்து தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம். ஓடுகிற வண்டியில் மற்றவர்கள் பிறகு ஏறலாம்.

சான்றிதழ் விடயத்தில் ஏமாற வேண்டாம். நாலு பாடசாலைகள் சேர்ந்து தங்கள் பெயரில் அச்சடித்துக் கொடுக்கும் தாளுக்கு வேலை தருபவரிடம் மதிப்பு இருக்காது. பிள்ளை எடுக்க வேண்டியது தேசிய தொழிற்றகைமை, நாங்கள் என்.வி.கியூ. என்று சொல்வது. அதில் 7 மட்டங்கள். முதல் நாலும் சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். 4 ஆம் மட்டம் எடுத்தவர், ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காமல் தன் பொறுப்பில் வேலையை முடிக்கக் கூடியவர் என்று பொருள். இதை வழங்குவதற்கு, பயிற்சி நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும், பாடநெறி அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், மதிப்பீடு செய்பவர் வெளியிலிருந்து வர வேண்டும். ஒரு பாடசாலை இதையெல்லாம் தானே செய்ய வெளிக்கிட்டால் களைத்துப்போகும். அதனால் ஐந்தாவது பங்காளியாக, ஏற்கெனவே பதிவுள்ள ஒரு நிலையத்தைச் சேருங்கள். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் இருக்கின்றன. பயிலுநர்களை வேலையிடத்தில் வைத்துப் பழக்கும் நைற்றா என்ற அரச நிறுவனம் இருக்கிறது. அடிப்படைப் பயிற்சி உங்கள் பட்டறையில், முடிவு மதிப்பீடு அவர்கள் வழியாக என்று ஓர் உடன்படிக்கை எழுதுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் அதற்கு மேலே போக விரும்பினால், கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே போய் வந்தவர்களின் கைவேலையைப் பார்த்திருக்கிறேன், நம்பி அனுப்பலாம்.

எந்தத் தொழிலைத் தெரிவது? இதில் அவசரப்படாதீர்கள். எல்லோரும் முதலில் கணினி என்பார்கள், ஏனென்றால் அறையும் கணினிகளும் ஏற்கெனவே இருக்கும். அது தெரிவு இல்லை, இருப்பதை வைத்துச் சமாளிப்பது. நீங்கள் இருக்கிற வட்டாரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஏழாலை, குப்பிளான், புன்னாலைக்கட்டுவன் பக்கம் செம்மண் தோட்டம். ஒவ்வொரு கிணற்றடியிலும் ஓர் இறைப்பு மெசின், பல வீடுகளில் லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம். அது பழுதானால் கமக்காரர் ஒரு நாள் இறைப்பை இழக்கிறார், வெங்காயம் காத்திருக்காது. மாதகல், மயிலிட்டிப் பக்கம் கடற்றொழில். படகின் வெளிப்பொருத்து என்ஜினும் பைபர்கிளாஸ் ஒட்டும் அங்கே அன்றாடத் தேவை. இந்த இரண்டையும் ஒரே பட்டறையில் சிறு என்ஜின் திருத்தம் என்று தொடங்கலாம். இறைப்பு மெசினிலும் படகு என்ஜினிலும் பிஸ்டனும் காபரேற்றரும் அடிப்படையில் ஒன்றுதான். கடற்கரைப் பாடசாலைப் பிள்ளையும் தோட்டப் பக்கப் பிள்ளையும் ஒரே என்ஜினைச் சுற்றி நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

மின்வேலையும் சூரியசக்தியும் இரண்டாவது. கூரைகளில் சூரியத் தகடு ஏறிக்கொண்டிருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் காற்றும் சூரியனும் சேர்ந்த மின்திட்டம் இந்திய நிதியில் வருகிறது. பூட்டுவதற்குக் கம்பனிக்காரர் வருவார்கள். பூட்டியதைப் பத்து வருடம் பராமரிக்க உள்ளூரில் ஆள் வேண்டும். மூன்றாவதாக நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது: முதியோர் பராமரிப்பு. பிள்ளைகள் எல்லோரும் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, பெரிய கல்வீட்டில் தனியே இருக்கிற தாய் தகப்பன் எங்கள் ஒழுங்கைகளில் எத்தனை பேர்! பார்த்துக்கொள்ள வருபவருக்கு இரத்த அழுத்தம் பார்க்கவோ, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்கவோ யாரும் பழக்கவில்லை. முறையான பயிற்சி எடுத்தவருக்கு மரியாதையான சம்பளம் கொடுக்க அந்தக் குடும்பங்கள் தயார். அயலில் உள்ள ஆதார வைத்தியசாலையில் பேசினால் தாதிய உத்தியோகத்தர்கள் வந்து சில நாள் படிப்பிக்கவும் கூடும்.

ஒரு பாடசாலைக்கு ஒரு தொழில் என்று பிரியுங்கள். எல்லாவற்றையும் ஒரே பாடசாலையில் குவித்தால் அது அவர்களுடைய திட்டமாகவும் மற்ற மூவரும் பிள்ளை அனுப்புபவர்களாகவும் ஆகிவிடும். ஒவ்வோர் அதிபருக்கும் தன் வளவுக்குள் ஒரு பட்டறை, தன் பிள்ளைகள் போகும் இன்னொரு பட்டறை என்று இருந்தால்தான் தொடர்ந்து அக்கறை இருக்கும். நாலாவது பாடசாலைக்குப் பட்டறைக்கு இடமில்லாவிட்டால் மற்ற மூன்று நாளில் நடக்கும் மொழி, கணிதம், சிறுதொழில் கணக்கு வகுப்புகளின் ஒருங்கிணைப்பை அதற்குக் கொடுங்கள்.

படிப்பிக்க ஆள் இல்லை என்றீர்கள். ஆள் இருக்கிறார், உங்கள் ஊரிலேயே. இருபது வருடம் கராஜ் வைத்திருப்பவர், வீடுகளுக்கு வயரிங் செய்து தலை நரைத்தவர். அவரிடம் சான்றிதழ் இல்லை, அவ்வளவுதான். என்.வி.கியூ. முறையில் முன்கற்றலை ஏற்றுக்கொள்ளும் வழி இருக்கிறது. செய்து பழகிய அனுபவத்தை மதிப்பீட்டாளர் பார்த்துச் சான்றிதழ் தருவார், வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. அவரை முதலில் அந்த வழியில் கொண்டுபோய், பிறகு உங்கள் தொழினுட்பப் பாட ஆசிரியரோடு சோடியாகப் போடுங்கள். ஆசிரியருக்குப் பாடத்திட்டமும் பிள்ளைகளைக் கையாளவும் தெரியும், கராஜ்காரருக்கு என்ஜின் தெரியும். கராஜ்காரரைப் பிள்ளைகள் முன்னால் "மாஸ்டர்" என்றே கூப்பிட வையுங்கள். சின்ன விடயம்போலத் தெரியும். அந்த ஒரு சொல்லுக்காகவே நேரத்துக்கு வந்து நிற்கிற மனிதர்களை எனக்குத் தெரியும்.

காசு. பழைய மாணவர் சங்கங்கள் தாராளமாகக் கொடுக்கின்றன, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கொடுப்பது பெரும்பாலும் கண்ணில் படுகிற பொருளாக இருக்கும். ஒரு பாடசாலைக்கு வெளிநாட்டிலிருந்து நல்ல கடைசல் இயந்திரம் வந்தது. பட்டறையில் மும்முனை மின்சாரம் இல்லை. இணைப்பு எடுக்கவும் சுவர் உடைக்கவும் யாரும் காசு ஒதுக்கவில்லை. இரண்டு வருடம் பெட்டியோடு நின்றது. நான் போகும்போதெல்லாம் அதன் மேல் விளையாட்டுப் போட்டிக் கொடிகள் கிடக்கும். ஆகவே இயந்திரம் கேட்கும்போது மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: இயந்திரம், அதைப் பூட்டும் செலவு, ஒரு வருடம் அது தின்கிற பொருள். வெல்டிங் றொட், வயர், எண்ணெய், வெட்டும் தகடு, கையுறை, கண்ணாடி. பட்டறைகள் தூங்குவது இந்தச் சில்லறைப் பொருள் முடிந்த நாளில்தான். நாலு சங்கங்களும் ஒரு பொதுக் கணக்கில் போடச் சம்மதித்தால் அதுதான் பெரிய வெற்றி. அது நடக்கக் காலம் எடுக்கும். அதுவரை ஒவ்வொரு சங்கமும் தன் பட்டறைக்குக் கொடுக்கட்டும், ஆனால் பொருட்பதிவேடு ஒன்றாக இருக்கட்டும். எந்தக் கருவி யாருடையது, யார் எடுத்தார், எப்போது உடைந்தது என்று எழுதாமல் விட்டால், இரண்டாம் தவணையில் அதிபர்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்ல வேண்டும். நாலில் ஒன்று மகளிர் பாடசாலை என்றால், அவர்களுக்குத் தையல், ஆண்பிள்ளைகளுக்கு என்ஜின் என்று வழமைபோலப் பிரித்துவிடாதீர்கள். மின்னியலில் என்னிடம் படித்தவர்களில் மிக நேர்த்தியாக வயர் இழுத்தவர் ஒரு பெண்பிள்ளை. தாய் தகப்பனின் பயம் தொழிலைப் பற்றியது இல்லை, வழியைப் பற்றியது. பத்துப் பேர் சேர்ந்து போகட்டும், ஓர் ஆசிரியை கூடப் போகட்டும், பட்டறையில் பூட்டுள்ள மலசலகூடம் இருக்கட்டும். இந்த மூன்றும் இருந்த இடத்தில் எந்தத் தாயும் மறித்ததை நான் பார்க்கவில்லை.

இனிப் பெற்றோர். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று, அதாவது எந்த வேலையானாலும் அரசாங்க வேலையாக இருக்க வேண்டும் என்று, சொல்லி வளர்ந்த ஊர் இது. உத்தியோகம் ஒன்றுதான் படிப்பின் பலன் என்ற நினைப்பு எங்களிடம் ஆழமாக இருக்கிறது. 1972 கல்விச் சீர்திருத்தத்தில் அந்தந்த இடத்துத் தொழிலைப் பாடசாலைக்குள் கொண்டுவந்த முயற்சி 1977 க்குப் பிறகு கைவிடப்பட்டதற்கும், கைவேலையை இரண்டாந்தரப் படிப்பாகப் பார்த்த மனம் ஒரு காரணம். இதற்குள் சாதியும் இருக்கிறது. மரவேலை, இரும்புவேலை, கடல்வேலை என்று ஒவ்வொன்றையும் ஒரு சாதியின் பெயரில் கட்டிவைத்திருந்தோம். இன்றைக்கும் ஒரு தகப்பன் "என்ர பிள்ளை அந்த வேலைக்கோ" என்று கேட்டால், அந்தக் கேள்விக்குள் சம்பளக் கணக்கு மட்டும் இல்லை. கூட்டத்தில் இதற்குப் பதில் சொல்லப் போகாதீர்கள். மேடைப் பேச்சில் அது மாறாது. எந்த ஊர், எந்தத் தெரு என்று பாராமல் நாலு பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே மேலங்கி போட்டு ஒரே மேசையில் நிற்பதைப் பெற்றோர் கண்ணால் பார்க்க வேண்டும்.

நான் ஒருமுறை செய்தது: முதல் தவணை முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெற்றோரைப் பட்டறைக்குக் கூப்பிட்டோம். உரை இல்லை, மாலை இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தான் வயர் இழுத்த பலகைக்கு முன்னால் நின்றது. ஒரு தகப்பன், கொழும்பில் கடையில் நின்று வந்தவர், மகன் ஓ.எல். கணிதத்தில் சித்தியடையவில்லை என்று மாதக்கணக்காகப் பேசாமல் இருந்தவர், கையைக் கட்டிக்கொண்டு கதவடியில் நின்றார். மகன் எர்த் வயர் எதற்கு, ட்ரிப் சுவிச்சு எப்படி விழும் என்று விளக்கி, சோதனை விளக்கைப் போட்டுக் காட்டினான். தகப்பன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "எங்கட வீட்டில ட்ரிப் சுவிச்சு அடிக்கடி விழுகுது, ஏன்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றான் மகன்.

உங்கள் கூட்டத்துக்கு நாள் குறித்தால் அறிவியுங்கள், நானும் வருகிறேன். வரும்போது நாலு நேரசூசிகளோடு, ஓ.எல். எழுதிவிட்டு இப்போது வீட்டில் நிற்கிற பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் கொண்டுவாருங்கள்.